அடையாற்றுத் தண்ணீரைக் குடியிருப்போரே சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாற்றையும் அதில் வந்து விழும் வடிகால்களையும் தொடர்ந்து சோதிக்க முன்வரும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், கல்லூரி மாணவர்கள், குப்பத்து இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கூவத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஆறு நாறுகிறது என்று ஊருக்கே தெரியும். இதில் சோதிக்க என்ன இருக்கிறது?

ஆறு அழுக்கு என்று சொல்லக் கருவி வேண்டாம், மூக்கு போதும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எது, எவ்வளவு சேர்கிறது என்பதைத்தான் மூக்கால் சொல்ல முடியாது. "அடையாறு மாசுபட்டிருக்கிறது" என்று மனு கொடுத்தால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். "இந்தப் பாலத்துக்கு 200 மீட்டர் மேலே இடது கரையில் உள்ள வடிகாலில், மழையே இல்லாத மே மாதத்தில், காலை ஆறு மணிக்கு, இத்தனை லிட்டர் ஓடுகிறது, அதற்கு மேலே அம்மோனியா இவ்வளவு, கீழே இவ்வளவு" என்று கொடுத்தால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மழைநீர் வடிகாலில் வறண்ட மாதத்தில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. இதைக் கண்டுபிடிக்க எந்த வேதிப்பொருளும் தேவையில்லை. ஆகவே எந்தக் குழுவும் முதல் மாதத்தை ஆற்றோரம் நடந்து, ஓடுகிற வாய்களை எண்ணிக் குறிப்பதிலேயே செலவிடலாம். கருவி வாங்குவது அதற்குப் பிறகு.

எங்கள் தெரு அடையாற்று வடிநிலத்தில் இருக்கிறதா?

வார்டு வரைபடம் இதற்கு உதவாது. அடையாறு தன் 42 கிலோமீட்டரில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை என மூன்று மாவட்டங்களைத் தொடுகிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே சேர்கிறது. அங்கிருந்து அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் கடந்து சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கிறது. நகருக்குள் தி.நகரிலிருந்து வரும் மாம்பலம் கால்வாய் போன்றவையும் இதில்தான் விழுகின்றன.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. வேளச்சேரி அடையாறுக்குப் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அதன் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கே செல்கிறது. சந்தேகம் இருந்தால் நல்ல மழை நாளில் தெருமுனை வடிகாலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதே வழியில் நடந்துபோய்ப் பாருங்கள். வரைபடத்தைவிட அது நம்பகமானது.

எங்கெங்கே மாதிரி எடுப்பது?

ஐந்தாறு இடம் போதும். இருபது இடத்தில் ஆரம்பித்து மூன்றாம் மாதம் நின்றுபோவதைவிட, ஆறு இடத்தை இரண்டு வருடம் விடாமல் பார்ப்பது மேல்.

சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு வடிகாலுக்கும் மூன்று புள்ளிகள் வேண்டும்: வடிகாலுக்கு மேலே ஆற்றில் ஒன்று, வடிகால் வாயிலேயே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்புள்ளியை வாய்க்கு ஒட்டி வைக்காதீர்கள். வடிகால் நீர் உடனே கலந்துவிடாது. கரையோரமாகவே நெடுந்தூரம் தனிப்பட்டை போல ஓடும். இரண்டு கரையிலும் நடுவிலும் மின்கடத்துதிறனை (கரைந்த உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) அளந்து, மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகும் இடமே சரியான கீழ்ப்புள்ளி. இவற்றோடு நகரத்துக்கு வெளியே, வரதராஜபுரத்துக்கு மேலே எங்காவது ஓர் ஒப்பீட்டுப் புள்ளி. அது இல்லாவிட்டால் உங்கள் எண்களுக்கு அளவுகோலே இருக்காது.

எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை?

காலை 6 முதல் 7.30 மணிக்குள். பாசியும் நீர்த்தாவரங்களும் பகலில் ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் எடுத்துக்கொள்ளும். அதனால் விடியலில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் பிற்பகல் மூன்று மணிக்கு மிக அதிகமாகவும் இருக்கும். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் எடுத்தால் அளந்தது சூரியனை, ஆற்றை அல்ல.

கோட்டூர்புரத்துக்குக் கீழே இன்னொரு சிக்கல்: கடல் ஏற்றவற்றம். ஏற்றத்தின்போது எடுத்த மாதிரியில் பாதி கடல்நீராக இருக்கலாம். ஆறு திடீரென்று திருந்திவிட்டது போலத் தெரியும். ஓதம், அதாவது இந்த ஏற்றவற்றம், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஆகவே மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு என்று வைத்தால் கடிகார நேரம் ஒன்றாக இருந்தாலும் மாதங்கள் போகப்போக ஓதம் விலகிவிடும். 15 நாளில் அந்தத் தள்ளல் கூடிக்கூடி ஒரு முழு ஓதச் சுற்றுக்கு, அதாவது சுமார் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு, மிக அருகில் வந்து, அதே கடிகார நேரத்தில் ஏறத்தாழ அதே ஓதம் திரும்பும். எனவே நிலவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றவற்றம் பெரிது. அஷ்டமி நவமியை ஒட்டிய நாட்களில் சிறிது. கடலின் குறுக்கீடு குறைவாக வேண்டும் என்றால் அஷ்டமி நவமிதான் தோது. நல்ல காரியம் தொடங்க ஆகாத நாள் என்பார்கள். கழிமுகத்தில் தண்ணீர் எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. அமாவாசையைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: அன்று கரையில் நடக்கும் சடங்குகளின் பூவும் சோறும் மாதிரியில் வரும்.

முகத்துவாரத்தில் மணல்திட்டு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். மூடியிருந்தால் ஓதக் கணக்கெல்லாம் செல்லாது. கீழ்ப்பகுதி குட்டை போலத் தேங்கி நிற்கும்.

எதை எதை அளப்பது?

வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன், பிஹெச் (அமில, காரத் தன்மை), அம்மோனியா, தெளிவு. இந்த ஆறு அளவுகளும் களத்திலேயே முடியும். பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா), குரோமியம் ஆகியவை ஆய்வகத்துக்கு. ஆண்டுக்கு நான்கு முறை போதும்.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் அளக்க முடியும் என்றால் அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கழிவுநீரின் கைரேகை அது. பிஹெச் இந்த ஆற்றில் பெரும்பாலும் சலிப்பூட்டும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவிலேயே நிற்கும். ஆனாலும் விடாதீர்கள். ஏதாவது ஒருநாள் 5 என்றோ 10 என்றோ காட்டினால், யாரோ அமிலத்தையோ காரத்தையோ திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதை அன்றே பிடிக்காவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

தெளிவுக்கு, 60 செ.மீ. நீளமுள்ள நிறமற்ற அக்ரிலிக் குழாயின் அடியில் கறுப்பு வெள்ளைக் குறி ஒட்டி, தண்ணீரை ஊற்றி, மேலிருந்து பார்த்தால் குறி மறையும் உயரத்தைக் குறித்தால் போதும்.

டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருக்கிறது. அது போதாதா?

டி.டி.எஸ். (கரைந்த மொத்தத் திடப்பொருள்) மீட்டர் அழுக்கை அளப்பதில்லை, உப்பை அளக்கிறது. உண்மையில் அது அளப்பது மின்கடத்துதிறன். உள்ளே ஏதோ ஒரு காரணியால், பெரும்பாலும் 0.5 முதல் 0.7 வரை, பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டுகிறது. இரண்டு கம்பெனி மீட்டர் ஒரே தண்ணீரில் இரண்டு எண் காட்டுவது இதனால்தான். மின்கடத்துதிறன் என்ற முறைக்கு மாற்றி, மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று பதிவு செய்யுங்கள். 1,413 மைக்ரோசீமென்ஸ் தரக் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

கடல்நீர் சுமார் 50,000 மைக்ரோசீமென்ஸ். விலை குறைந்த மீட்டர்கள் அதற்கு வெகுமுன்பே எல்லையைத் தொட்டுவிடும். கழிமுக மாதிரியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து மடங்கு கலக்கி அளந்து தோராயமாக மதிப்பிடலாம், துல்லியம் குறையும். எப்படியும் அங்கே இந்த எண் ஓதத்தைச் சொல்லவே உதவும், மாசைச் சொல்ல அல்ல.

பாலத்திலிருந்து தண்ணீர் எடுப்பது எப்படி?

பாலத்தின் மேல்நீர்ப் பக்கம் நின்று, நீரோட்டத்தின் நடுவில், மேற்பரப்புக்கு 30 செ.மீ. கீழே எடுக்க வேண்டும். மேற்பரப்பில் எண்ணெயும் நுரையும் குப்பையும் மிதக்கும். அடியில் கறுஞ்சேறு கலங்கும். வாளியை அதே ஆற்றுநீரில் மூன்று முறை அலசிவிட்டு நான்காவது முறை எடுப்பதைப் பயன்படுத்துங்கள்.

பெரும்பாலான சோதனைக்கு வாளி போதும். ஆக்சிஜனுக்குப் போதாது. ஆக்சிஜனே இல்லாத தண்ணீர், வாளியில் சளக்கென்று விழும்போதே காற்றிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்; ஆறு உயிரோடு இருக்கிறது என்று பொய் சொல்லும். இதற்கு ஒரு மாதிரிக்குடுவையை நீங்களே செய்யலாம். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் 25 செ.மீ. நீளம், அடியில் ஒட்டிய மூடி, மேலே திருகு மூடி. உள்ளே 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில் திறந்தபடி நிற்கும். திருகு மூடியில் இரண்டு துளை: ஒன்றில் 8 மி.மீ. குழாய், பாட்டிலின் அடிவரை போக வேண்டும்; இன்னொன்று காற்று வெளியேற. தண்ணீர் பாட்டிலின் அடியிலிருந்து நிரம்பி, வழிந்து, குடுவையை நிரப்பும். அதற்குள் பாட்டிலில் உள்ள நீர் நாலைந்து முறை மாறிவிடுவதால் முதலில் காற்றுப்பட்ட நீர் போய்விடும். குமிழி வருவது நின்றதும் மேலே இழுங்கள்.

எல்லாரும் மறப்பது எடை. இந்தக் குடுவை இரண்டு லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும், அதனால் மிதக்கும். அடியில் சிமெண்ட்டோ இரும்போ சேர்த்து, மொத்தம் மூன்று கிலோவாவது ஆக வேண்டும். கயிறு நைலானாக இருக்கட்டும், அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு.

கரைந்த ஆக்சிஜனுக்கு மீட்டர் வாங்குவதா, விங்க்லர் முறையா?

பணம் இருந்தால் ஒளியுணரி வகை மீட்டர். சவ்வு வகை மீட்டர் மலிவு, ஆனால் கறுப்பு நீரில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதன் மின்முனையைக் கெடுத்துவிடும். அடையாற்றில் அது நெடுநாள் தாங்காது. மேலும் தண்ணீர் ஓடாமல் நின்றால் சவ்வு வகை குறைவாகக் காட்டும், மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கழிமுகத்தில் உப்புத் திருத்தத்தைப் போட மறக்காதீர்கள். 30 டிகிரி செல்சியசில் நல்ல தண்ணீர் அதிகபட்சம் சுமார் 7.6 மி.கி./லி. ஆக்சிஜன் தாங்கும், கடல்நீர் சுமார் 6.2தான்.

பணம் இல்லையென்றால் விங்க்லர், அதாவது வேதிப்பொருள் சேர்த்து நிறமாற்றத்தைக் கொண்டு ஆக்சிஜனை அளக்கும் முறை. மீட்டர் இருந்தாலும் மாதம் ஒருமுறை விங்க்லரில் ஒத்துப்பார்க்க வேண்டும். வரிசை இது:

பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி மூடுங்கள். திறந்து, பிப்பெட் நுனியை நீருக்குள் வைத்து 2 மி.லி. மாங்கனீசு சல்பேட், அதேபோல 2 மி.லி. கார அயோடைடு அசைடு. மூடி, பதினைந்து முறை தலைகீழாகத் திருப்புங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் இல்லை. அங்கேயே "சுழியம்" என்று எழுதலாம், தரம்பார்த்தல் (நிறம் மாறும்வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) தேவையில்லை. சைதாப்பேட்டைப் பக்கம் கோடையில் இந்த வெள்ளையைப் பார்க்க நேர்ந்தால் வேதிப்பொருள் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். குழாய்த் தண்ணீரில் ஒருமுறை செய்து பாருங்கள், பழுப்பு வந்தால் வேதிப்பொருள் நன்றாகவே இருக்கிறது.

வீழ்படிவு பாதிப் பாட்டில் வரை இறங்கியதும் 2 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்து, மூடி, திருப்புங்கள். பழுப்பு கரைந்து மஞ்சளாகும். இந்த நிலையில் இருட்டில் வைத்து எட்டு மணி நேரம் வரை காத்திருக்கலாம். மீதியை வீட்டிலோ கல்லூரியிலோ செய்யலாம். 203 மி.லி. அளந்து எடுத்து, 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் வைக்கோல் நிறம் வரும்வரை தரம்பாருங்கள். பிறகு ஸ்டார்ச் இரண்டு மி.லி.; நீலமாகும். நீலம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.யும் ஒரு மி.கி./லி. ஆக்சிஜன். 200 இல்லாமல் 203 எடுப்பது, முதலில் சேர்த்த 4 மி.லி. வேதிப்பொருள் வெளியே தள்ளிய தண்ணீருக்கு ஈடு. மறைந்த நீலம் சில நிமிடத்தில் திரும்பி வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

இதில் கெட்டுப்போவது மூன்று. தயோசல்பேட் நம் வெயிலில் வீரியம் இழக்கும். மாதம் ஒருமுறை பொட்டாசியம் டைகுரோமேட்டோடு ஒத்துப்பாருங்கள். ஸ்டார்ச் ஓரிரு நாளில் புளித்துவிடும், நீலம் வராமல் செம்பழுப்பு வரும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். மூன்றாவது, ஆற்றிலேயே உள்ள சல்பைடு அயோடினைத் தின்றுவிடும். அதனால் அழுகல் நாற்றம் அடிக்கும் நீரில் விடை உண்மையைவிடக் குறைவாக வரும்.

அம்மோனியா கிட்டில் எப்போதும் கடைசி நிறமே வருகிறது. கிட் பழுதா?

கிட் சரியாகவே இருக்கிறது. அது மீன் தொட்டிக்காகவோ குடிநீருக்காகவோ செய்யப்பட்டது. கழிவுநீரில் அம்மோனியா 20, 40 மி.கி./லி. என்று இருப்பது சாதாரணம். 5 மி.லி. மாதிரியோடு 45 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, வந்த விடையைப் பத்தால் பெருக்குங்கள். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். முதலில் அதை மட்டும் கிட்டில் போட்டு நிறம் வரவில்லை என்று உறுதிசெய்யுங்கள். கழிமுகத்து உப்புநீரில் நெஸ்லர் வகைக் கிட் கலங்கிப்போகும். அங்கே சாலிசிலேட் வகை வேண்டும்.

கிட் சொல்வது மொத்த அம்மோனியா. மீனைக் கொல்வது அதில் ஒரு பகுதியான தனி அம்மோனியா. அதன் பங்கு பிஹெச்சைப் பொறுத்தது: 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட இல்லை, 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. ஆக மொத்தம் 20, பிஹெச் 8 என்றால் தனி அம்மோனியா சுமார் 1.5 மி.கி./லி. மீன்வளத்துக்கான வரம்பு 1.2. சலிப்பூட்டும் பிஹெச்சையும் சேர்த்து அளக்க இதுவும் ஒரு காரணம்.

பி.ஓ.டி.யை வீட்டிலேயே செய்ய முடியுமா?

வேண்டாம். நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். வெப்பநிலை மாறாத பெட்டியும், சரியான நீர்த்தலும் இல்லாமல் வரும் எண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேருங்கள். அறிக்கையில் "3 நாள், 27 டிகிரி" என்று இருக்கிறதா பாருங்கள். 5 நாள், 20 டிகிரி என்ற பழைய முறையோடு கலந்து ஒப்பிடாதீர்கள்.

தோராயமாகத் தெரிந்தால் போதும் என்றால் மெத்திலின் நீலம் இருக்கிறது. மூடியுள்ள பாட்டிலில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீரை விளிம்புவரை நிரப்பி, சில துளி விட்டு, நிழலில் வையுங்கள். ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம் வெளுக்கும். ஒரே நாளில் வெளுத்தால் சுத்திகரிப்பு சரியில்லை. நான்கைந்து நாள் நின்றால் பரவாயில்லை.

கறுப்பாக மாறும் பாக்டீரியா பாட்டிலை ஆற்றில் பயன்படுத்தலாமா?

காசு வீண். ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் குடிநீருக்கானது. உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். அடையாற்றில் என்றும் உண்டு. தவிர, கழிவுநீரில் ஏற்கெனவே உள்ள சல்பைடே அதைக் கறுக்கவைக்கும். அதைக் கரையோரத்துக் கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு எண்ணிக்கை வேண்டும்: ஆய்வகத்தில் எம்.பி.என். முறையில் (பாக்டீரியா எண்ணிக்கையை மதிப்பிடும் முறை), நீர்த்தல் போதுமான அளவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். "1,600க்கு மேல்" என்று அறிக்கை வந்தால் நீர்த்தவில்லை என்று பொருள், அந்த எண்ணால் பயனில்லை. கிண்டி கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிறுவனத்தில் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. கிருமிநீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள்.

தோல் பதனிடும் பகுதிகளுக்கு என்ன சோதனை?

பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி இயல்பு. குரோம்பேட்டையின் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கடையில் கிடைக்கும் குரோமியம் கிட் ஆறிணைதிறன் குரோமியத்தை மட்டுமே ஊதாவாகக் காட்டும். தோல் பதனிடப் பயன்படுவதோ மூவிணைதிறன் குரோமியம். கிட் நிறம் மாறவில்லை என்பதற்காகக் குரோமியம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து, நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஹெச்சை 2க்குக் கீழே இறக்கி, மொத்தக் குரோமியம் கேட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெளியேற்றும் நீரில் பொது வரம்பு: மொத்தக் குரோமியம் 2, ஆறிணைதிறன் 0.1 மி.கி./லி.

ஒரு வடிகாலில் எவ்வளவு வருகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

ஓர் ஆரஞ்சுப் பழமும் கைப்பேசியும் போதும். ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நேரான 10 மீட்டர் அளந்து, பழத்தை விட்டு, நேரம் பாருங்கள்; ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். மேற்பரப்பு வேகம் உண்மைச் சராசரியைவிட அதிகம் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும்.

ஒரு மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் ஓடும் வடிகாலில் பழம் 10 மீட்டரை 25 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 0.4, திருத்தியது 0.34 மீட்டர்/நொடி. பரப்பு 0.3 சதுர மீட்டர். நொடிக்கு 102 லிட்டர். இதே வேகத்தில் நாள் முழுதும் ஓடினால் சுமார் 88 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 730 நடை. பி.ஓ.டி. 100 மி.கி./லி. என்றால் நாளொன்றுக்கு 880 கிலோ. செறிவு மட்டும் சொன்னால் சின்ன வடிகாலும் பெரிய வடிகாலும் ஒன்றாகத் தெரியும். இந்தக் கணக்குதான் எதை முதலில் அடைக்க வேண்டும் என்று சொல்லும். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஓட்டம் வேறு. நாளில் நான்கு முறையாவது அளந்துவிட்டுப் பெருக்குங்கள். அடியில் சேறு இருந்தால் ஆழத்தைச் சேற்றின் மேலிருந்து அளக்க வேண்டும்.

முதல் மழையில் மீன் ஏன் செத்து மிதக்கிறது?

மழைநீர் சுத்தம்தானே என்ற எண்ணம் இங்கே தவறு. மாதக்கணக்கில் வடிகாலில் தங்கிய கறுஞ்சேற்றை முதல் பெருமழை ஒரேயடியாக ஆற்றுக்குள் தள்ளும். அது ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். மடவை போன்றவை முதலில் சாகும்; ஜிலேபிக் கெண்டை மேலே வந்து வாய் பிளக்கும்; காற்றைச் சுவாசிக்கக்கூடிய விராலும் தேளியும் தப்பும். எல்லா வகையும், காற்றைச் சுவாசிப்பவை உட்பட, ஒன்றாகச் செத்திருந்தால் ஆக்சிஜன் குறைவு மட்டும் காரணமாக இருக்காது, நச்சைச் சந்தேகியுங்கள்.

அப்படி ஒரு காலை செய்தி வந்தால் ஒரு மணி நேரத்தில் கரையில் இருக்க வேண்டும். செத்த மீன் கிடக்கும் இடத்திலும், அதற்கு மேலே மீன் சாகாத இடத்திலும் ஆக்சிஜன், பிஹெச், அம்மோனியா. ஒரு லிட்டர் நீர் பனிக்கட்டியில். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக உள்ள புது மீன் இரண்டை அலுமினியத் தாளில் சுற்றி உறையவையுங்கள்; அழுகிய மீனில் எந்த ஆய்வகமும் எதையும் கண்டுபிடிக்காது. செய்தி பரவி எல்லாரும் வருவதற்குள் தண்ணீர் போய்விடும். இதற்கென்று ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பட்டினப்பாக்கத்தில் வரும் வெள்ளை நுரை?

மழைநாளில் ஆறு கொண்டுவரும் சோப்புப் பொருளையும் கரிமக் கழிவையும் அலை அடித்துக் கடைகிறது. குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள். நுரையைச் சோதிப்பதைவிட, அது வந்த நாளில் ஆற்றைச் சோதிப்பது பயன் தரும்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. பாலமோ படித்துறையோ கட்டிய கரையோ இல்லாத இடம் சோதனைப் புள்ளி ஆகாது. நைட்ரைல் கையுறை, மூடிய காலணி. காலில் புண் உள்ளவர் பதிவு எழுதட்டும், தண்ணீரைத் தொட வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வரும். சோதனைக்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "ஆற்றுநீர் பட்டது" என்று சொல்ல வேண்டும். மூடிய வடிகாலுக்குள்ளோ ஆள்துளைக்குள்ளோ தலையைக்கூட விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு செறிவானால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும்.

செம்பரம்பாக்கம் உபரிநீர் திறக்கப்பட்ட நாளில் யாரும் கரைக்குப் போகக் கூடாது. விங்க்லரில் பயன்படும் அசைடு கொடிய நச்சு. வாயால் பிப்பெட் உறிஞ்சுவது எந்தக் காலத்திலும் கூடாது. சோதித்து முடித்த கழிவை ஆற்றிலேயே ஊற்றிவிட்டு வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதைப் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? கேனில் சேர்த்துக் கல்லூரி வேதியியல் துறையிடம் ஒப்படையுங்கள்.

பள்ளிக் குழந்தைகளைச் சேர்க்கலாமா?

வடிகால் எண்ணுவதற்கும் தெளிவு பார்ப்பதற்கும் பதிவுக்கும் சேர்க்கலாம். அமிலத்தோடு வேண்டாம். மேல்பக்கத்து ஏரிகளில் வலையால் பூச்சி பிடித்துப் பார்ப்பது அவர்களுக்கேற்ற வேலை: தட்டான் இளவுயிரிகள் நிறைய இருந்தால் நல்லது, சிவப்பு இரத்தப்புழு மட்டுமே வந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைகளோடு. குளிப்பதற்கு: ஆக்சிஜன் 5க்கு மேல், பி.ஓ.டி. 3க்குள், மொத்தக் கோலிஃபார்ம் 100 மி.லி.யில் 500க்குள். மீன் வாழ: ஆக்சிஜன் 4க்கு மேல், தனி அம்மோனியா 1.2க்குள். பாசனத்துக்கு: மின்கடத்துதிறன் 2,250க்குள். பி.ஓ.டி. 30ஐத் தாண்டினால் நாட்டின் மிக மோசமான ஆற்றுப்பகுதிகளின் வகை. வடிகால் வாயில் எடுத்ததை இவற்றோடு ஒப்பிடாதீர்கள். வெளியேற்று நீருக்கான பொது வரம்பு வேறு: பி.ஓ.டி. 30, மிதக்கும் திடப்பொருள் 100, பிஹெச் 5.5 முதல் 9 வரை. இரண்டையும் குழப்பிக் கொடுத்த மனுவை அதிகாரி முதல் பக்கத்திலேயே மடக்கிவிடுவார். குடிநீர் அளவுகளை ஆற்றுக்குப் பொருத்துவதும் அதே தவறு.

பதிவை எப்படி வைத்துக்கொள்வது?

தேதி, நேரம், புள்ளி எண், ஓதம், முகத்துவாரம், கடைசி மூன்று நாள் மழை, நிறம், நாற்றம், எண்கள், அளந்தவர், மீட்டர் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது. பென்சிலில் எழுதுங்கள், மை மழையில் கரையும். தவறாகத் தோன்றும் எண்ணை அழிக்காமல் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்றை இரண்டாகப் பிரித்து, அளப்பவருக்குச் சொல்லாமல் இரண்டையும் கொடுங்கள். விடைகள் மிகவும் விலகினால் அன்றைய தாளை முழுதும் சந்தேகிக்க வேண்டும். பிஹெச் மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் வைத்துக் கெடுப்பவர்கள் ஏராளம். பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

எங்கள் எண்கள் சட்டப்படி செல்லுமா? யாரிடம் கொடுப்பது?

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, தண்டிக்கப் பயன்படும் மாதிரியை வாரிய அதிகாரியே, உரியவருக்கு அறிவித்து, முறைப்படி பிரித்து எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்தது அந்த வகையில் சான்றாகாது. ஆனால் அதிகாரி எந்த இடத்துக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை உங்கள் பதிவு சொல்லும். இரவு இரண்டு மணிக்குக் கழிவுநீர் லாரி கவிழ்க்கும் இடத்தைப் பகல் பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

யாருடைய பொறுப்பு என்பதைப் பிரித்து எழுதுங்கள். மழைநீர் வடிகால் சென்னைக்குள் மாநகராட்சியுடையது, புகாருக்கு 1913; தாம்பரம் பக்கம் 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி. சாக்கடைக் குழாய் பொங்கினால் சென்னைக் குடிநீர் வாரியம். ஆற்றுப்படுகையும் கரையும் நீர்வளத் துறை. தொழிற்சாலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மழைநீர் வடிகாலில் சாக்கடை இணைப்பு என்றால் மாநகராட்சி, குடிநீர் வாரியம் இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே கடிதத்தின் நகலாக அனுப்புங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார்.

30 நாளில் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. "நடவடிக்கை எடுத்தீர்களா" என்று கேட்காதீர்கள், "எடுக்கப்படும்" என்று பதில் வரும். அந்த இடத்தில் கடைசியாக மாதிரி எடுத்த தேதி, ஆய்வறிக்கை நகல், அந்த வடிகாலில் கண்டறியப்பட்ட முறைகேடான இணைப்புகளின் பட்டியல் என்று ஆவணமாகக் கேளுங்கள். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே போகும் நிலை வந்தால் ஒரு வருடப் பதிவும், தேதியோடு படங்களும், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் ஒப்புகைச் சீட்டுகளும் கையில் இருக்க வேண்டும்.

ஆற்றங்கரை வீட்டுக் கிணற்றையும் சேர்த்துச் சோதிக்கலாமா?

தாராளமாக, ஆனால் தனித் தாளில். கிணற்றுக்கு குடிநீர்த் தர அளவுகளே பொருந்தும்: டி.டி.எஸ். 500, மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை; நைட்ரேட் 45 மி.கி./லி.; ஈ.கோலை அறவே கூடாது. எடுக்கும் முன் பம்பை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மாதிரியை மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காமல் பம்பின் வாயிலேயே பிடியுங்கள். நைட்ரேட் அதிகம் என்று வந்தால் ஆற்றைக் குறைசொல்வதற்கு முன் பக்கத்துச் செப்டிக் டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அளந்துபாருங்கள்.